தராஸ் சம்பளம், அல்மாட்டி வாடகை

ஆசிரியர் அறையில் ரைஹானுக்கு என் பக்கத்து மேசை. தராஸ் நகரின் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முதல் எட்டு வரை கணக்கு நடத்தினாள். கணவன் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒன்பது வயது மகள் அயிமுக்கு மூச்சிரைப்பு.

போன ஆகஸ்டில் பெருநகரமான அல்மாட்டியின் தனியார் பள்ளி ஒன்று அவளை அழைத்தது. இங்கே வாங்கிய மாதச் சம்பளம் மூன்று லட்சம் டெங்கே. அங்கே நான்கரை லட்சம். எங்களுக்கெல்லாம் வாய் பிளந்துவிட்டது. அவளுக்கோ தூக்கமே போய்விட்டது. தக்காளி என்ன விலை, பஸ்ஸுக்கு எவ்வளவு, இன்ஹேலர் எவ்வளவு என்று அங்கிருக்கும் என் தம்பியைப் போனில் குடைந்துகொண்டே இருந்தாள்.

"அக்கா, உன் ஃப்ரெண்டு பாடம் நடத்த வர்றாங்களா, கடை போட வர்றாங்களா?" என்றான் அவன் என்னிடம்.

இருப்பதா போவதா என்று வியாழக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார் தலைமையாசிரியர் சபர்பாய். அவருக்கு டைம்டேபிள் போட வேண்டும். வியாழக்கிழமை ரைஹான் ராஜினாமாவை நீட்டினாள். சனிக்கிழமை வீடு பார்க்க அல்மாட்டிக்கு ரயிலேறினாள்.

பார்க்கப்போன வீட்டின் கதவைத் திறந்தவள் குராலை என்ற பெண். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். பெட்டியில் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள்.

"நீங்க டீச்சரா?" என்றாள் ரைஹான்.

"ஆமா. தெருமுனை ஸ்கூல்ல கணக்கு."

"அங்கதான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"அப்ப என் இடத்துக்குத்தான் வர்றீங்க."

"நாலரை லட்சத்தை விட்டுட்டா போறீங்க?"

"ரெண்டே முக்கால் இந்த நாலு சுவருக்கே போயிடுதே! உங்க ஊர்ல வாடகை எவ்வளவு?"

"எழுபதாயிரம்."

"கணக்கு டீச்சர்தானே, கழிச்சுப் பாருங்க. அதோட ராத்திரி வரைக்கும் பிள்ளைங்களைப் பெத்தவங்க போன். குளிர்காலம் வந்தா ஊரே புகை மூட்டம். என் பையனுக்கு இருமல் நிக்கவே இல்ல. நான் எங்க ஊர் ஷிம்கென்ட்டுக்கே போறேன்."

வாடகை கொடுத்தபின் ரைஹானுக்குத் தராஸில் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் நின்றது. அல்மாட்டியில் ஒன்றே முக்கால் லட்சம்தான். இருமல் என்ற சொல்லோ அதைவிட ஆழமாக இறங்கியது.

பதினொரு மணிக்கு வீட்டுக்காரி வந்தாள். "கீழே ஒரு ஜோடி மூணு லட்சம் தர்றேன்னு நிக்குது. நீங்க என்ன சொல்றீங்க?"

"அவங்களுக்கே குடுங்க" என்றாள் ரைஹான்.

திங்கள் காலை சபர்பாயின் அறை வாசலில் அவளோடு நானும் நின்றேன்.

"சார், அந்த லெட்டரைத் திருப்பிக் குடுங்க."

"வெள்ளிக்கிழமையே வந்திருக்கக் கூடாதாம்மா? வாரத்துக்கு உனக்கிருந்த பதினெட்டு பீரியட்ல பத்தைப் புதுப் பொண்ணுக்குக் குடுத்துட்டேனே!"

எட்டு பீரியடுக்கான சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலங்களில் வீட்டில் ட்யூஷன் எடுத்தாள். ஒவ்வொரு மாதமும் வாடகை நாள் நெருங்கும்போது முகம் வெளுத்துப்போகும். ஜனவரியில்தான் ஆறு பீரியடு திரும்பக் கிடைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் அயிம் ஒருநாள்கூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. அப்படியும், தேர்வுத்தாள் திருத்துகிறபோது ரைஹான் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

"போயிருக்கணுமோடி?"

எனக்குத் தெரியவில்லை என்றே சொல்வேன்.