நாக்கில் வைத்த கங்கை

இந்த ஊரில் மீனுக்கு மனிதர்கள் சோறு போடுகிறார்கள். படித்துறைக்குப் போகும் வழியெல்லாம் கோதுமை மாவைச் சின்ன உருண்டைகளாகப் பிடித்துப் பொட்டலம் கட்டி விற்பார்கள். வாங்கிப் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டால், முழங்கை நீள மீன்கள் கூட்டமாக வந்து வாயைத் திறக்கும். பிடிப்பார் இல்லை. ஹரித்துவாரில் மீன், கறி, முட்டை எதையும் கடையில் பார்க்க முடியாது. வந்த புதிதில் அந்தப் படியில் நின்று, இது குழம்புக்கு, அது வறுவலுக்கு என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் நான் பக்தியில் உருகி நிற்கிறேன் என்று நினைத்து, தன் பொட்டலத்தில் பாதியை என் கையில் கொட்டினார். நானும் வாங்கிப் போட்டேன். ஊரில் அனுமந்தையிலிருந்து கூடையோடு எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரம்மா இதைப் பார்த்தால் என்ன சொல்லுவாள் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லத் தமிழ் தெரிந்த ஆள் அங்கே யாரும் இல்லை.

நான் மரக்காணத்துக்காரி. உப்பளத்தில் கூலி வேலை செய்த அப்பா அம்மாவுக்கு ஒரே பெண். படிப்பு பத்தாவதோடு நின்றது. என் வீட்டுக்காரர் கிளியனூர்க்காரர். தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர்கள் தங்கும் சத்திரம் ஒன்றில் சமையல்காரர். கல்யாணம் ஆன கையோடு இங்கே வந்து, அதே சமையலறையில் மாவாட்டியும் காய் நறுக்கியும் எனக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்சம் அதிகம். அந்நிய பாஷை அந்தக் கூச்சத்தை இரண்டு மடங்காக்கியது. இங்கே நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'மாஃப் கீஜியே', மன்னியுங்கள் என்று அர்த்தம். கடையில், பேருந்தில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில், தப்பு செய்தேனா இல்லையா என்று தெரிவதற்கு முன்பே அந்தச் சொல் வாயில் வந்துவிடும். சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். என்னைப் போல வெளியூர்களில் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன்.

போன வெயில் காலத்தில் அப்பா உப்பளத்து வரப்பில் மயங்கி விழுந்தார். கூட வேலை செய்தவர்கள் தூக்கி வந்து வீட்டில் விட்டார்கள். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன, வீட்டில் வேறு யாரும் இல்லை. எனக்கு அந்தச் செய்தி பல நாள் கழித்து, கிளியனூர் உறவுக்காரர் மூலமாகத்தான் வந்தது. போனில் அழுதேன். "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "சொன்னா இன்னா, அங்கேர்ந்து கைய நீட்டித் தூக்கி உடப்போறியா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் மகள் டேராடூனில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அவளுடைய அறை காலியாகத்தான் இருந்தது. அப்பாவை இங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொள்வது என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் திண்டிவனம் பக்கத்திலிருந்து கிளம்பிய ஒரு யாத்திரைக் குழுவோடு காசிக்குப் போய்விட்டு இங்கே வந்து சேர்ந்தார். குழு திரும்பும்போது அவரும் போவாரா, என்னோடு தங்குவாரா என்று கேட்டேன். "பாக்கலாம் பாப்பா, தண்ணி ஒத்துக்குதான்னு பாக்கலாம்" என்றார்.

நான் ஆரத்தியைத்தான் நம்பியிருந்தேன். தினமும் அந்தி சாய்கிற நேரத்தில் கங்கைக்கரையில் நடக்கிற விளக்குப் பூசை அது. அதற்காகவே தேசம் முழுவதிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். இவ்வளவு வருடம் இங்கே இருந்தும் நான் அதை முழுசாகப் பார்த்தது சில தடவைதான், சத்திரத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓடியாடும் நேரம் அது. குழு கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்காரர், "நீ மாமாவ இட்டுனு போ, நா பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தார். இதைப் பார்த்துவிட்டால் அப்பா ஊருக்குப் போகிற பேச்சையே எடுக்க மாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. வழியில் இலைக் கிண்ணத்தில் பூவும் திரியும் வைத்த விளக்குகள் இரண்டு வாங்கினேன். இங்கே அதை தோனா என்கிறார்கள், நம் தொன்னைதான்.

"இது எதுக்கு?" என்றார் அப்பா.

"ஏத்தி ஆத்துல உடணும்பா."

"ஏத்தன வெளக்கயா? வூட்ல எல்லாரும் லட்சுமி உள்ள வரணும்னு வெளக்கு வைப்பாங்க. இவங்க வெளியில தள்ளி உடுறாங்க?"

"இது வூட்டு வெளக்கு இல்ல, கங்கைக்கு வைக்கிறது."

"கொஞ்ச தூரம் போயி அணைஞ்சிடுமே."

"அணைஞ்சிடும்னு சொல்லாதப்பா. மலையேறிடும்னு சொல்லு."

அப்பா ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கீழ போற தண்ணில உட்டுட்டு மலையேறுதுன்னா எப்பிடி பாப்பா?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டேன். நடுத்தெருவில் நான் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

படிகளில் உட்கார இடம் கிடைத்தது. மணிகள் ஒலிக்க ஆரம்பித்தன. அர்ச்சகர்கள் அடுக்கடுக்கான பெரிய தீபங்களைத் துணி சுற்றிய கையால் பிடித்துச் சுழற்றினார்கள். தீயின் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து இழுபட்டு ஓடியது. எல்லாரும் கைகளை உயர்த்திப் பாட, அப்பாவும் கையைத் தூக்கிக்கொண்டார். பாட்டு தெரியாததால் அவருக்குத் தெரிந்த "கோவிந்தா கோவிந்தா"வைச் சொன்னார். முன்வரிசையில் இருந்த குழந்தை ஒன்று திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் அப்பா என் காதருகே வந்து, "உங்கம்மா பாத்திருக்கணும்" என்றார். சற்றுப் பொறுத்து, "நல்லாத்தான் இருக்குது, செல்வி" என்றார். பெயர் சொல்லி அவர் என்னைக் கூப்பிடுவது அபூர்வம். மகளுடைய அறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

விளக்குகளை விட்டோம். அவருடையதும் என்னுடையதும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போயின. பக்கத்தில் இருந்தவர்கள் குனிந்து உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். அப்பாவும் எடுத்தார். நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தலையைப் பக்கவாட்டில் திருப்பி, ஆற்றிலேயே துப்பினார்.

மரக்காணத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் விடுகிறவர்கள் அடிக்கடி அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பார்த்ததும் துப்புவார்கள். துப்பாவிட்டால் நாக்கு வெந்துபோகும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா அதைச் செய்துவருகிறார். எந்தத் தண்ணீரைக் கையில் எடுத்தாலும் அவர் நாக்குக்கு அந்த ஒரு பழக்கம்தான்.

"அரே பாபா!" என்று ஒரு குரல் கேட்டது. இரண்டு படி மேலே நின்ற, தோளில் காவித் துண்டு போட்ட ஒரு பெரியவர். கங்கைத் தாயின் மேல் துப்புகிறாயே, வெட்கமாக இல்லையா என்று இந்தியில் கத்தினார். சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். அப்பா உப்பு வேலை செய்கிறவர், இது அவருடைய பழக்கம் என்று சொல்ல நினைத்தேன். இந்தியில் உப்புக்கு நமக் என்று பெயர். "நமக்... நமக்..." என்பதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. அந்தப் பெரியவருக்கு வேறு மாதிரி விளங்கிவிட்டது. "என்ன, கங்கா ஜலம் உப்புக் கரிக்கிறதா? அதனால்தான் துப்பினானா?" என்று இன்னும் கோபமாகக் கேட்டார். நான் கைகளைக் கூப்பி, "மாஃப் கீஜியே, மாஃப் கீஜியே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பாவுக்கு எதுவும் புரியவில்லை. நான் கைகூப்பி நிற்பதைப் பார்த்தார். உடனே அவரும் கைகூப்பினார். பிறகு பிள்ளையார் முன்னால் செய்வது போல, "தப்பு, தப்பு" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். இந்தப் பக்கத்தில் அந்த வழக்கம் கிடையாது. தன்னைத்தானே அறைந்துகொள்கிறார் என்று அந்தப் பெரியவர் பதறிப்போய்க் கீழே இறங்கி வந்து, அப்பாவின் கையைப் பிடித்துத் தடுத்தார். "பஸ் பாபா, பஸ்", போதும் போதும் என்று தட்டிக்கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் கோபம் அதோடு முடிந்துவிட்டது.

திரும்பி நடந்தோம். சத்திரத்துத் தெரு திரும்பும்போது அப்பா, "நமக்கு நமக்குன்னு அந்தாளுகிட்ட இன்னாமோ கேட்டியே, நமக்கு இன்னா வோணும்னு கேட்ட?" என்றார்.

"நமக்கு இல்லப்பா, நமக். உப்புக்கு இங்க அதான் பேரு."

அப்பா நின்றுவிட்டார். "உப்புக்கு நமக்கா? ந்தா பாரு! அப்ப உப்பெல்லாம் நமக்குத்தான்னு சொல்லு" என்று சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. "நா துப்பனதுக்கா அந்தாளு கத்தனாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வேணும்னு துப்பல பாப்பா. கையில தண்ணி வந்திச்சி, நாக்கு அது வேலைய பாத்துடிச்சி." தெரியும் என்று சொன்னேன். தெரியும் என்பதை அங்கே அந்தப் படியில் அவர் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கலாம். தமிழிலாவது சொல்லியிருக்கலாம். யாருக்கும் புரியாவிட்டாலும் அவருக்குப் புரிந்திருக்கும்.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது அப்பா தன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குழுவோடு கிளம்புவதாகச் சொன்னார். வீட்டுக்காரர், "இன்னா மாமா, யாரோ ஒருத்தன் கத்தனதுக்கா? வுடுங்க. நீங்க இருந்தா எனக்கும் பேச்சுத் தொணையா இருக்கும்" என்று எவ்வளவோ சொன்னார்.

"கத்தனதுக்கு இல்ல மாப்ள. அங்க மேஸ்திரி தெனம் கத்துறான், நானும் கத்துறேன். ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிப்போம்." பிறகு என்னிடம் திரும்பினார். "எனக்கு இந்த நாக்குதான் பாப்பா, இனிமே மாறாது. நாளிக்கி இன்னோரு எடத்துல இன்னோண்ணு பண்ணுவேன். எனக்காவ நீ எத்தினி பேருகிட்ட கைகூப்பினு நிப்பே? நேத்து உன் கையப் பாத்தேன். ரொம்ப நாளா பழகன கை அது."

பழகின கைதான். யோசிக்காமல் அவர் நாக்கு துப்பியது, யோசிக்காமல் என் கை கூப்பியது. அவருடைய பழக்கம் அவருக்குச் சோறு போட்டது. என்னுடையதும் எனக்குச் சோறு போடுகிறது. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு இருந்திருக்க முடியாதா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். முடியும் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. புளிசாதம் கட்டிக் கொடுத்தேன். குழுவின் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், "ஆரத்தி நல்லா இருந்திச்சி, அத மறக்க மாட்டேன்" என்றார். என்னைச் சமாதானம் செய்வதற்காகச் சொன்னார் என்று அப்போது நினைத்தேன். ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தப் பெரிய தீபங்களைப் பற்றியே பேசுகிறாராம். கிளியனூர் உறவுக்காரர் போனில் சொன்னார். துப்பிய கதையையும் அவரே சொல்லிச் சிரிக்கிறாராம். நான் கைகூப்பியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லையாம்.

அதைக் கேட்ட அன்று சாயங்காலம், சத்திரத்து வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தனியாகப் படித்துறைக்குப் போனேன். ஆரத்தி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வேகம் அதிகமான ஆறு இது, கால் வைத்தால் இழுத்துவிடும். அதனால் குளிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ள ஓரத்தில் இரும்புச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். கடைசிப் படியில் இறங்கி, இடது கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒரு விளக்கை விட்டேன். அது போய்விட்டது. கையை மட்டும் நான் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. பனிமலைத் தண்ணீர், விரல் மரத்துப்போனது. ஊர் இருக்கிற தெற்குப் பக்கமாக ஆறு கையை இழுத்துக்கொண்டே இருந்தது. கையில் விளக்கோடு பின்னால் காத்திருந்த ஒரு பெண், "மாதாஜி, ஒன்று உள்ளே இறங்குங்கள், இல்லையென்றால் வெளியே வாருங்கள்" என்று இந்தியில் சொன்னாள். நியாயமான பேச்சுதான். நான் சங்கிலியை விடாமல், கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.