சூட்டோடு எடுத்த அளவு

பாலையூற்றுப் பாக்கியரத்தினத்திடம் போய் அவசரம் என்று சொன்னவர்கள் நல்ல ஏச்சு வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஸெய்னுதீன் முதலாளியின் லேத் பட்டறையில் இருபத்தாறு வருடமாக அவருக்கு ஒரே வேலை: படகு இஞ்சின்களின் சிலிண்டரைக் கடைவது, அதன் உள்வட்டத்தை அளப்பது. உள்வட்டம் அளக்கும் போர் கேஜ் கருவியை உள்ளே இறக்கி மெல்ல ஆட்டும்போது பக்கத்தில் யாரும் கதைக்கக்கூடாது. ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்து, அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. மகள் லக்சனாவின் கலியாண மோதிரத்தையே உள்ளே அளந்து, வட்டம் சரியில்லை என்று தட்டாரிடம் திருப்பி அனுப்பியவர்.

கடைந்த சிலிண்டரை இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் தகரக்கூரை காயத் தொடங்க முன்னம்தான் கடைசி அளவு எடுப்பார். இரும்பு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். சூட்டோடு அளந்தால் உள்வட்டம் பெரிதாகக் காட்டி ஆளை ஏமாற்றிவிடும். இந்தப் பிடிவாதத்தை அவர் ஒரே ஒரு நாள் விட்டார், மருமகன் கிருஷாந்துக்காக.

பங்குனி மாதம். வாடை அடங்கிக் கடல் படிந்திருந்தது. மீன்பிடிக்கிற கிருஷாந்த், கடையக் கொடுத்திருந்த தன் சிலிண்டருக்காகச் சாம்பல்தீவிலிருந்து வந்து பட்டறை வாசலில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்தான்.

"மாமா, எல்லாரும் வெளிக்கிட்டாச்சு. சூடை மீன் நல்லாப் படுது. இண்டைக்கே தாங்கோ."

"ஆறட்டும் தம்பி. காலமை தாறன்."

"காலமை வரைக்கும் இருக்க ஏலாது மாமா."

பாக்கியரத்தினம் சிலிண்டரில் கையை வைத்துப் பார்த்தார். கை பொறுக்கிற சூடுதான். மருமகனின் முகத்தைப் பார்த்தார், மனம் இளகிவிட்டது. அளந்தார். அளவு சரியாக இருந்தது. வழக்கம்போல அதை ஒரு காகித மட்டையில் குறித்துவைத்துவிட்டு, சிலிண்டரைக் கொடுத்தார்.

அடுத்த நாள் கூடப் போக வேண்டியவனுக்குக் காய்ச்சல். கிருஷாந்த் தனியே போனான். நாலாம் நாள் புல்மோட்டைக்கு அப்பால் படகு மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அவன் கிடைக்கவில்லை.

இஞ்சினைப் பட்டறைக்குக் கொண்டுவந்து திறந்தார்கள். பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்திருந்தது. "ஒயில் கலக்காம ஓடியிருக்கான்," என்றார் ஸெய்னுதீன் முதலாளி. அதுவே கரையெல்லாம் கதையானது. மறதிக்காரன், விசர் வேலை பார்த்துச் செத்தான் என்றார்கள். செத்தவன் வந்து மறுப்புச் சொல்லப் போகிறானா?

தகப்பன் வீட்டுக்கு வந்துவிட்ட லக்சனா மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "அவர் ஒயில் கலந்தவர் அப்பா. நான்தானே எண்ணெய்க் கானைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

பாக்கியரத்தினம் ஒரு காலையில் எல்லோருக்கும் முந்திப் பட்டறைக்குப் போனார். சிலிண்டரின் அடியில், உராய்வு படாத இடத்தில் போர் கேஜை இறக்கினார். மட்டையில் தன் கையெழுத்தில் இருந்த அளவைவிட நூறில் இரண்டு குறைவு. மூன்று தரம் அளந்தார். அளவு மாறவில்லை.

பதினேழு நாள் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். மகள் போட்டுத் தந்த தேத்தண்ணீரைக் குடிக்க முடியாமல் வாழை அடியில் ஊற்றினார். அவள் ஒவ்வொரு நாளும் அதே வார்த்தையைச் சொன்னாள், யாரும் நம்பவில்லை. நம்பிய ஒரே மனிதர் வாய் திறக்கவில்லை. அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் அந்தப் பதினேழு நாளும் அவர் கோழைதான்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் குசினி வாசலில் வந்து நின்றார்.

"நீ சொன்னது சரி பிள்ளை. ஒயிலில பிழை இல்லை. நான்தான் ஆறவிடாமல் சூட்டோட அளந்தனான். ஆறினாப் பிறகு உள்வட்டம் சின்னனாப் போச்சு. பிஸ்டன் இறுகி நடுக்கடலில இஞ்சின் நிண்டிட்டுது."

லக்சனா அகப்பையைக் கீழே வைத்தாள். "எவ்வளவு சின்னன்?"

அவர் சட்டைப் பையிலிருந்து, இடைவெளி பார்க்கும் தகடுகளின் கட்டொன்றை எடுத்தார். ஆக மெல்லிய தகட்டைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் மூச்சுப் பட்டு அது அசைந்தது.

"இவ்வளவுதானா அப்பா?"

"ஓம்."

"இதுக்கா அவர் போனவர்?"

பாக்கியரத்தினம் வாசற்படியில் குந்தி வாய்விட்டு அழுதார். அவள் கிட்ட வரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில வந்து இதைச் சொல்லுங்கோ," என்றாள்.

கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். இனி யாரும் தன்னிடம் சிலிண்டர் தரமாட்டார்கள் என்பது தெரிந்தேதான் சொன்னார். "எவ்வளவு குறைவு?" என்று யாரோ கேட்டார்கள். அவர் தகட்டை உயர்த்திப் பிடித்தார். பின்னால் இருந்தவர்களுக்கு அவர் கையில் எதுவும் தெரியவில்லை.

லக்சனா எழுந்து வந்து, அதை அவரிடமிருந்து வாங்கி, ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினாள்.