மண் எடுக்காதவர்

ரிஷிவந்தியம் பக்கத்தில் பாரதக் கூத்தின் கடைசி நாள். தரையில் படுத்த நிலையில் மண்ணால் செய்திருந்த துரியோதனன் உருவத்தை வீமன் வேஷக்காரர் அடித்து உடைத்ததும், ராசி என்று ஊரே அந்த மண்ணை அள்ளியது. நான் போனில் படம் பிடித்தேன். பூ விற்ற அம்மா மட்டும் நகரவில்லை. நரைத்த தலை, குனிந்தபடியே ஓயாமல் பூக்கட்டும் கை.

"நீங்க மண்ணு எடுக்கலையாம்மா?"

"இவன் ஒருத்தன கொன்னுட்டா ஆச்சா? பாஞ்சாலி சேலைய உருவறப்போ சபையில சும்மா பாத்துக்கினு இருந்தானுங்களே, அவனுங்கள இன்னா பண்ணாங்க?"

சிரித்து மழுப்பினேன்.

முதல்முறையாக நிமிர்ந்து என் போனைப் பார்த்தார். "சேலை உருவற கூத்தையும் இதுலதான் புடிச்சீங்களா?"

பிடித்திருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து, முழுவதையும்.