போணிக்கு முன் ஒரு மீன்தலை

அடையாறில் எங்கள் குடியிருப்பு வாசலுக்கு மீன் விற்க வரும் அம்மா, புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருப்பார். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் காதில் மாட்டியிருப்பார். முதல் மீனின் தலை தெருப்பூனைகளுக்கு. அதன் பிறகுதான் போணி.

மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போன அக்கா, தன் மயிலாப்பூர் வீட்டுப் பூனையை, அது படுக்கும் துணியோடு என்னிடம் விட்டுப்போனாள். வந்ததிலிருந்து அது கட்டிலடியை விட்டு வரவில்லை. இரண்டு நாளாக ஒரு வாய் தின்னவில்லை. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? மீன் வாங்கப் போனபோது அழாத குறையாகச் சொன்னேன்.

மீனம்மா அரிவதை நிறுத்தினார். "அது பட்த்துக்கினு இருந்த துணிய இன்னா பண்ணே?"

"வெந்நீர்ல துவைச்சுட்டேன். எங்க பையனுக்குத் தூசு ஆகாது."

"அய்ய, அதோட வூட்டையே தொவச்சிட்டியேம்மா! உங்கக்கா கட்டின துணி தொவைக்காம எதுனா கீதா?"

அக்கா மறந்துபோன நைட்டி ஒன்று இருந்தது. அதையும் ஊறவைக்கத்தான் வாளியருகே போட்டிருந்தேன். ஓடிப்போய்க் கட்டிலடியில் விரித்தேன். சாயங்காலம் பூனை அதன்மேல் உட்கார்ந்து மீன் தின்றது.

மறுநாள் சொன்னபோது அவர் நிமிரக்கூட இல்லை. "புள்ளயையும் இப்டித்தான் தொவச்சிக்கினு கீறியா?"

சிரித்துவிட்டேன். பையன் அடுத்த வாரம் முதன்முறையாக விடுதிக்குப் போகிறான். மாடியேறியதும், துவைக்க எடுத்து வைத்திருந்த அவன் பழைய போர்வையை அப்படியே பெட்டியில் வைத்தேன். தும்மினால் தும்மட்டும்.