ஒரு காலோடு நின்ற ரேஸர்

வாரத்துக்கு ஒரு முறை, பதினெட்டு வருடம். நடுவில் விட்டுப்போன ஆறு வாரங்களைக் கழித்தால், அவர் தன் கால்களைத் தொள்ளாயிரத்து முப்பது முறை மழித்திருக்கிறார். முகத்தை ஒருநாளும் இவ்வளவு அக்கறையாக மழித்ததில்லை என்பது மனைவியின் தீராத புகார்.

வார நாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறுகளில் சைக்கிள் பந்தய வீரர். முப்பத்தொன்பது வயதாகிறது, ஒரு பந்தயமும் ஜெயித்ததில்லை. ஜெயிப்பது அவர் வேலையும் இல்லை. பின்னால் வரும் கிளப் காரிடம் போய், தண்ணீர் பாட்டில்களைப் பனியனுக்குள் திணித்துக்கொண்டு, மூச்சு வாங்க மிதித்து முன்னால் போகிறவர்களுக்குக் கொடுப்பதுதான் வேலை. அதனால் கிளப்பில் அவருக்குத் தண்ணிவண்டி என்று பெயர். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதர்.

கல்யாணமான புதிதில் மாமியார் மகளைத் தனியே கூப்பிட்டு, "மாப்பிள்ளை கால்ல ஒத்த முடி இல்லையேடி, ஏதாச்சும் சீக்கா?" என்று கேட்டார்.

மகள் ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். பதில் கையிலேயே இருந்தது. "விழுந்து வந்தா, முடிக்குள்ள போன மண்ணைக் கழுவி எடுக்கிறதுக்குள்ள உயிரு போயிடும்மா. பிளாஸ்டரைப் பிரிச்சா முடியையும் சேத்துப் பிடுங்கும். முடி மேல எண்ணெய் போட்டுப் பிடிச்சு விட்டா கொப்புளம் கிளம்பும்."

மாமியார் யோசித்தார். "அதுக்கு விழாம ஓட்டலாமே."

மனைவி சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. முடியுள்ள கால் கூட்டத்தில் அந்நியன். அவன் பக்கத்தில் ஓட்ட யாரும் விரும்புவதில்லை. பழைய ஆள் மழிப்பதை நிறுத்தினால் விலகிவிட்டார் என்று அர்த்தம். அந்தக் கிளப்பில் யாரும் விலகல் கடிதம் எழுதியதில்லை.

போன மாதம் மழைச் சாலையில் சறுக்கி விழுந்ததில், வலது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்தது. "புதுத்தோல் பிடிக்கிற வரைக்கும் அந்தக் கால்ல பிளேடு படக்கூடாது" என்றார் மனைவி. ஒன்றை மட்டும் மழிப்பானேன் என்று அவர் இரண்டையும் விட்டுவிட்டார். நடக்க முடிந்ததும் வேலைக்குப் போகுமுன் தனியாக ஓட்டிப் பழகினார். ஆறாவது வாரம், புதன்கிழமை, கிளப் அறையில் மசாஜ் மேசைமேல் போய்ப் படுத்தார்.

அறுபது வயது மசாஜ் மாஸ்டர் கெண்டைக்காலில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"என்ன தம்பி, இன்னும் காடு வளர்த்து வச்சிருக்கீங்க?"

"காயம் மாஸ்டர். வீட்டு உத்தரவு."

"அடக் கடவுளே! போன வாரம் சக்கரம் மாத்த வந்தீங்களே, அப்பவே காலைப் பாத்தேன். தண்ணிவண்டி ஓரங்கட்டிருச்சுன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேனே. ஞாயித்துக்கிழமை லிஸ்டுல வேற ஆளப் போட்டுட்டாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"காலைப் பாத்தப்புறம் என்னத்தக் கேக்க?"

மாஸ்டர் எண்ணெய்க் கையோடு மேனேஜருக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை பெயரை மாற்றலாம், தண்ணிவண்டி வருவதாகச் சொன்னால் போதும் என்று பதில் வந்தது. மேசைமேல் படுத்தபடி, தனக்குக் கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வந்தது கொட்டாவி.

வெள்ளிக்கிழமை மதியம் அரைநாள் லீவு போட்டார். மனைவி காயத்தை அழுத்திப் பார்த்து, "இனி தாராளமா மழிச்சுக்குங்க" என்றார். குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இடது காலை முடித்தார். இருபது நிமிடம். வலது காலுக்குத் திரும்பினார். ரோஜா நிறப் புதுத்தோல். அதைச் சுற்றி முடி. விடியற்காலை அலாரம் நினைவுக்கு வந்தது. முதுகில் ஜில்லென்று ஒட்டும் பாட்டில்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் பாட்டிலை வாங்கும் கைகள். ரேஸரைக் கழுவிக் கீழே வைத்தார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "என்னங்க, ஒரு காலோட நிறுத்திட்டீங்க? பிளேடு மொண்ணையா?"

"பிளேடு நல்லாத்தான் இருக்கு."

"வலிக்குதா?"

"இல்ல. அலுப்பா இருக்கு. லிஸ்டுல பேர் இல்லன்னு மாஸ்டர் சொன்னாரு பாரு, அன்னிக்கு ராத்திரிதான் நான் நல்லாத் தூங்கினேன்."

 மனைவி துண்டை நீட்டினார். "அப்ப மேனேஜருக்கு நீங்களே வாயத் திறந்து சொல்லிடுங்க. இன்னொரு தடவை உங்க காலு பேச வேண்டாம்."

நாலு நாற்பதுக்குப் போன் செய்தார். லிஸ்ட் அப்படியே இருக்கட்டும் என்றார்.

மேனேஜர் இருமினார். "சரிங்க. கார் ஓட்டத்தான் ஆளில்ல. வரீங்களா?"

"வரேன்."

பந்தயம் ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்குகிறது. கிளப் காரை அவர் ஓட்டுகிறார், முழுப் பேன்ட் போட்டுக்கொண்டு.