ஒரே வீட்டுக்கு மூன்று ரேம்ப்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் குழப்பம்தான். ஐந்தாவதோடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும். புதிதாகக் கொத்து வேலைக்கு வருகிறவர்களுக்காக ஆளுக்கு ஓர் அனுபவம் சொல்லச் சொன்னார்கள், எங்கள் சங்கத்தில். மற்றவர்கள் மைக்கில் பேசிவிட்டார்கள். மைக்கைக் கண்டால் நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் நன்றாகச் செய்த வேலைகள் நிறைய உண்டு. இது அதில் சேராது.

1. ஐந்து படி

ஸ்டெல்லா டீச்சர் வீடு முடிச்சூர் பக்கம். ஒரு மழைக்கு வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அதன் பிறகு தரையை இரண்டரை அடி உயர்த்தி, வாசலில் ஐந்து படி வைத்துக் கொடுத்தது நான்தான். அடுத்த மழையில் தெரு மூழ்கியது. டீச்சர் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு அந்தத் தெருவில் இன்னும் ஏழு வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள்.

போன வருஷக் கடைசியில் டீச்சருக்கு ஸ்கூட்டர் விபத்து. இரண்டு கால்களிலும் பலம் போய்விட்டது. எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார், நடக்க முடியாது. வீல்சேரில் வீட்டுக்கு வந்தவருக்கு நான் வைத்த ஐந்து படியைத் தாண்ட வழியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள்.

ஏப்ரல் கடைசியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஜூன்ல ஸ்கூல் திறக்குது மேஸ்திரி. திறக்கற அன்னைக்கு நான் போய் நின்னா என் கிளாஸ் எனக்கு. இல்லன்னா இப்ப பாத்துக்கற டீச்சரையே வச்சுக்குவோம்னு சொல்லிட்டாங்க. ஒரு ரேம்ப் போட்டுக் குடுங்க."

"போட்டுடலாம் டீச்சர்" என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதிகம் பேசாத ஆள் நான். மேலும், பைக் ஏற்றுவதற்காக வீட்டுக்கு வீடு சாய்வாக ரேம்ப் போட்ட கை இது.

2. கண்ணாடி மாதிரி

படிக்கட்டின் ஓரமாக ஒன்பது அடி நீளத்தில் காங்கிரீட் போட்டேன். வீல்சேர் தடுக்காமல் ஓட வேண்டும் என்று மேலே சிமெண்ட் பால் விட்டு, கண்ணாடி மாதிரி தேய்த்தேன். டீச்சர் வீட்டுக்காரரின் நண்பர் ஒரு சிவில் இன்ஜினியர். வந்து காலால் இரண்டு உதை உதைத்துப் பார்த்தார்.

"லாரி ஏறினாலும் அசையாது மேஸ்திரி" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் தாம்பரத்திலிருந்து ஷபானா வந்தார். டீச்சருக்கு வாரம் இரண்டு தடவை பிசியோதெரபி கொடுக்கிற பெண். ரேம்பைப் பார்த்தவர் முகம் மாறியது.

"அண்ணா, டீச்சர் கொஞ்ச நேரம் கட்டில்ல இருக்கட்டும். அந்த வீல்சேர்ல நீங்க உட்கார்ந்து மேல ஏறிக் காட்டுங்க."

தெருப் பெண்கள் இரண்டு பேர் கேட் அருகே நின்றிருந்தார்கள். முடியாது என்று சொல்லவும் கூச்சம், உட்காரவும் கூச்சம். உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வருஷம் கலவை தூக்கிய கை என்னுடையது. சக்கரத்தை நாலு தடவை தள்ளியதும் கை நழுவியது. நாற்காலி பின்பக்கமாக மல்லாக்கச் சாய்ந்தது. ஷபானா பின்னால் பிடித்திருக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

என்னோடு வேலை செய்கிற சித்தாள் காவேரி அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேஸ்திரி, ரேம்ப் போடச் சொன்னா பார்க்குல கீற சறுக்குமரத்தப் போட்டு வச்சிகீற?"

தெரு சிரித்தது. ஜன்னலுக்கு உள்ளே டீச்சரும் சிரித்தார். அப்புறம் அவர் சிரிப்பு நின்றுபோனது எனக்குத் தெரிந்தது.

3. பன்னிரண்டு அடி

"ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும்ணா" என்றார் ஷபானா. இரண்டரை அடிக்கு முப்பது அடி. வாசலில் அவ்வளவு இடம் இல்லை. பதினைந்து அடி போய், திரும்பி, இன்னொரு பதினைந்து அடி இறங்குகிற மாதிரி போட முடிவு செய்தோம்.

முதலில் போட்டதை உடைக்க வேண்டும். அடுத்தவன் கட்டியதை உடைப்பது வேறு. நன்றாகக் கட்டியதை நானே உடைக்கும்போது சுத்தியல் எகிறி எகிறி வந்தது. அக்னி நட்சத்திர வெயில். எனக்கு முழங்கால் வலி வேறு. நானும் காவேரி அக்காவும் இரண்டு நாள் உடைத்தோம்.

இரண்டாவது ரேம்பில் தேய்ப்பு இல்லை. ஈரத்திலேயே துடைப்பத்தால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்கினேன். ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டோம். ஷபானா வந்து டீச்சரை உட்காரவைத்து மேலிருந்து கீழே தள்ளிப் போனார். நடுவில் லேசாகத் தூக்கித் திருப்பினார். மறுபடி மேலே கொண்டுவந்தார்.

"சூப்பர்ணா. கரெக்டா இருக்கு."

நான் கொத்துக் கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுவிட்டேன். அப்போது டீச்சர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் காலைல ஆறு மணிக்கே ஒரகடம் கம்பெனி ஷிப்ட்டுக்குக் கிளம்பிடுவார். ஆட்டோ எட்டு மணிக்குக் கேட்டுக்கு வெளிய வந்து நிக்கும். நடுவுல என்னை யாரு தள்ளுவா?"

ஷபானா நாற்காலியின் கைப்பிடியை இன்னும் பிடித்திருந்தார்.

"கைய விடும்மா ஷபானா. நானே போறேன்."

பதினைந்து அடி தானாகவே இறங்கினார். திருப்பத்தில் கால் வைக்கிற பலகை ஓரச் சுவரில் இடித்தது. பின்னால் வந்தார், திருப்பினார், மறுபடி இடித்தது. ஐந்தாறு தடவை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டார்.

"நான் முன் சக்கரத்தத் தூக்கித் திருப்பிட்டேன் டீச்சர். அத யோசிக்கவே இல்ல" என்றார் ஷபானா. குரல் இறங்கியிருந்தது.

ஸ்கூல் திறக்க ஐந்து நாள் இருந்தது.

4. சாக்பீஸ் வட்டம்

அன்றைக்குத்தான் முதல் தடவையாக டீச்சரிடம் கேட்டேன். "உங்களுக்குத் திரும்ப எவ்வளவு இடம் வேணும் டீச்சர்? நீங்களே காட்டுங்க."

ஹாலில் மேஜையையும் நாற்காலிகளையும் ஓரமாகத் தள்ளினோம். டீச்சர் நடுவில் வந்து, யார் கையும் படாமல் ஒரு சுற்றுச் சுற்றினார். அவருடைய சாக்பீஸையே வாங்கி, கால் பலகை போன வழியெல்லாம் தரையில் குனிந்து கோடு போட்டேன். டேப் பிடித்தேன். ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைவு. நான் விட்டிருந்தது மூன்றரை அடி.

"வேற எங்கனா இடிக்குதா?"

"வாசக்கால்ல ஒரு இஞ்ச் மேடு இருக்கு. சின்னச் சக்கரம் அங்க நிக்குது. வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நிக்குது."

அந்த மேட்டை வைத்ததும் நான்தான்.

மறுபடி காங்கிரீட் போட்டுக் காயவிட நாள் இல்லை. திருப்பத்தின் சுவரை இடித்து, பக்கத்தில் இருந்த துவைக்கிற கல்லைப் பெயர்த்தெடுத்தோம். செங்கல் கட்டி, மேலே கனமான கடப்பாக் கல்லைச் சொரசொரப்புப் பக்கம் மேலே வரும்படி பரப்பினோம். வாசக்கால் மேட்டுக்கு இரண்டு பக்கமும் சரிவு வைத்தேன்.

"வூட்டுக்காரம்மாவ மொதல்லயே ஒரு வார்த்த கேட்டிருந்தா இத்தினி பேஜார் இல்ல" என்றார் காவேரி அக்கா. கல்லைத் தூக்கிக்கொண்டே சொன்னார்.

ஸ்கூல் திறந்த அன்று யாரும் கூப்பிடாமலே ஏழேமுக்காலுக்குப் போய் கேட் ஓரம் நின்றேன். டீச்சர் மடியில் பையை வைத்துக்கொண்டு வாசக்காலைத் தாண்டினார். சக்கரம் நிற்கவில்லை. திருப்பத்துக்கு வந்தபோது என் கை தன்னால் நீண்டது.

"கைய எடுங்க மேஸ்திரி."

எடுத்துக்கொண்டேன். அவர் ஒரே சுற்றில் திரும்பி, இறங்கி, கேட்டைத் தாண்டி, ஆட்டோக் கம்பியைப் பிடித்து எழுந்து ஏறிக்கொண்டார். வீல்சேரை ஆட்டோக்காரர் மடித்துப் பின்னால் வைத்தார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மணியைப் பார்த்தார்.

இன்ஜினியர் சொன்னது தப்பில்லை, அந்தக் காங்கிரீட் அசையவே இல்லை. உடைத்த எனக்குத் தெரியும். ஷபானா சொன்ன கணக்கும் தப்பில்லை. என் தேய்ப்பு வேலையிலும் குறையில்லை. எங்கள் மூன்று பேருக்கும் வேலை தெரியும். டீச்சர் காலை எட்டு மணிக்குத் தனியாக இருப்பார் என்பதுதான் தெரியாது. அதை அவர்தான் சொல்ல முடியும். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

இப்போது மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுப்பதற்கு முன்னால், இதில் போகப்போவது யார், கூட ஆள் இருக்குமா என்று கேட்கிறேன். கேட்க எனக்கு இன்னும் கூச்சம்தான். கேட்டுவிட்டுத்தான் கலவை போடச் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

அந்தத் தெருவில் நான் படி வைத்த வீடுகள் இன்னும் ஏழு இருக்கின்றன. எல்லா வீட்டிலும் ஆட்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. அந்தப் பக்கம் போகும்போது படிகளை எண்ணிக்கொண்டே போகிறேன்.

சங்கத்தில் இதை எழுத நோட்டு கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் எழுத உட்கார முடிந்தது.

கூடுவாஞ்சேரி, ஞாயிற்றுக்கிழமை, 14-12-2025.