குளோரியா வாசலுக்கு வந்தாளா?

குளோரியா மஸ்கட்டுக்குப் புறப்பட்டது ஒரு பெரிய வியாழன் அன்று. லிங்கராஜபுரத்தில் டொமினிக்கின் பேக்கரிக்கு வருஷத்திலேயே மூச்சுவிட நேரமில்லாத நாள் அது. விடிந்தால் பெரிய வெள்ளி. கிறிஸ்தவ வீடு ஒவ்வொன்றுக்கும் சிலுவை போட்ட பன் வேண்டும். மைதாக் கரைசலால் பன் மேல் சிலுவை இழுப்பது, கவுண்டரில் நின்ற குளோரியாவின் வேலையாகத்தான் இருந்தது. அன்று டொமினிக்கே இழுத்தார்.

"இது சிலுவையா, கணக்கு வாத்தியார் போட்ட தப்பா?" என்று எதிர்வீட்டு தியோடர் கேட்டார்.

டொமினிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி அவர் பெரிதாக யோசித்ததும் இல்லை.

பத்து வருஷம் போயிற்று. அதே தெருவில் வளர்ந்த நிக்கோல், கைக்காசைப் போட்டு அந்தப் பேக்கரியை வைத்து ஒரு காதல் படம் எடுத்தாள். சர்ச் ஹாலில் போட்டுக் காட்டினாள். கடைசிக் காட்சியில் கவுண்டர் பெண் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறாள். பேக்கரிக்காரன் அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. அவள் போய்விடுகிறாள். ஹால் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம்.

டொமினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்று குளோரியா வந்தாளா? தான்தான் பார்க்கவில்லையா?

"அவ வந்தான்னு உனக்கு யாரும்மா சொன்னது?" என்று நிக்கோலிடம் கேட்டார்.

"யாரும் சொல்லல அங்கிள். படத்துக்கு ஒரு முடிவு வேணுமில்ல, நானா எழுதினேன்."

அப்பாடா என்று திரும்பினால் தியோடர் தோளைப் பிடித்தார். "அவ வந்தாப்பா. நான் பால்கனிலேருந்து பாத்தேன். நீலப் பொட்டி."

"படத்துலயும் நீலப் பொட்டிதானே?"

தியோடர் நின்று யோசித்தார். "ஆமால்ல. அப்போ நான் எதைப் பாத்தேன்?"

அதற்குப் பிறகு டொமினிக்கின் அடுப்பில் ரொட்டி கருகத் தொடங்கியது. வாசலில் நிழல் தட்டினால் திரும்பினார், பால்காரராக இருக்கும். அவள் மேல் அப்போதே ஆசை இருந்ததா, படம் பார்த்ததால் வந்ததா என்றுகூடப் புரியவில்லை. இருந்தது என்றால் இத்தனை வருஷம் எப்படி நிம்மதியாகத் தூங்கினார்? இல்லை என்றால் கவுண்டருக்கு ஏன் வேறு ஆளே வைக்கவில்லை?

குளோரியாவின் தங்கையிடம் நம்பர் வாங்கினார். கேட்க நினைத்ததை டைப் செய்வதும் அழிப்பதுமாக இருந்து, கடைசியில் படத்தின் லிங்கை மட்டும் அனுப்பினார். பதில் இல்லை. ஈஸ்டர் போய், மழைக்காலமும் பாதி போன பிறகு ஒரு நாள் போன் அதிர்ந்தது.

"படம் பாத்தேன் டொமினிக். நான் அப்படி வந்து நிக்கல. ஆட்டோக்காரரை வேற ரோட்டுல போகச் சொன்னேன். பேக்கரி வழியா போயிருந்தா இறங்கியிருப்பேன்."